யெர்பா மாத்தே: அர்ஜென்டினாவில் கைமாறும் கசப்பு

அர்ஜென்டினாவின் உணவு என்றதும் தணலில் நிதானமாக வாட்டிய மாட்டிறைச்சியும், மெந்தோசா மாநிலத்தின் மால்பெக் மதுவும், பூரணம் வைத்து மடித்த எம்பனாடாவும்தான் முதலில் பேசப்படுகின்றன. அவை பேசப்பட வேண்டியவையே. ஆயினும் இறைச்சி வாட்டும் அசாதோ பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமைக்கும் விருந்து நாளுக்கும் உரியது. அந்நாட்டு மக்கள் விடிந்தது முதல் இரவு வரை, வீட்டிலும் அலுவலகத்திலும் பேருந்து நிலையத்திலும் பூங்காப் புல்தரையிலும் விடாமல் அருந்துவது மாத்தே என்னும் கசப்பான பச்சை நிறப் பானத்தையே. திராட்சை மதுவைத் தேசிய பானமாக அறிவித்த அதே 2013ஆம் ஆண்டில், வெந்நீரில் இலையை ஊறவைத்து அருந்தும் பானங்களுள் மாத்தேயையே தேசியத்துக்குரியது என்று அந்நாட்டு நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்றி அறிவித்தது. ஆண்டொன்றுக்கு ஆளொன்றுக்கு ஏறத்தாழ 6 கிலோ இலைத்தூள் அங்கே செலவாகிறது. அர்ஜென்டினாவின் உணவுப் பழக்கத்தைப் புரிந்துகொள்ள விரும்புகிறவர் இறைச்சியிலிருந்து அல்லாமல் இந்தப் பானத்திலிருந்தே தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

மாத்தே தேயிலையிலிருந்து வருவதன்று. ஐலெக்ஸ் பராகுவாரியென்சிஸ் என்று தாவரவியலார் பெயரிட்டிருக்கும் வேறொரு மரத்தின் இலையையும் இளந்தண்டையும் உலர்த்திப் பொடித்தால் கிடைப்பது யெர்பா. அந்த யெர்பாவைக் கொண்டு தயாரிக்கும் பானமும், அதை ஊற்றிக் குடிக்கும் குடுவையும் ஒன்றுபோலவே மாத்தே என்று அழைக்கப்படுகின்றன. குழப்பம் வராமல் இருக்க, இக்கட்டுரையில் குடுவையைக் குடுக்கை என்றே குறிப்பிடுகிறேன். அந்தச் சொல் இங்கே மிகச் சரியாகவும் பொருந்துகிறது. ஏனெனில் மரபான மாத்தேக் குடுவை, நம் வீட்டுக் கூரைகளில் படரும் அதே சுரை இனத்தின் முற்றிய காயைக் குடைந்து உலர்த்திச் செய்ததுதான்.

தேநீருக்கும் மாத்தேக்கும் உள்ள அடிப்படை வேறுபாடு இலையைக் காட்டிலும் அளவில்தான் இருக்கிறது. தேநீரில் சிறிதளவு தூளை நிறைய நீரில் ஒருமுறை ஊறவைத்து, வடிகட்டி, சக்கையை எறிந்துவிடுகிறோம். மாத்தேயில் இந்தக் கணக்கு தலைகீழாகிறது. குடுக்கையின் முக்கால் பங்கை உலர்ந்த தூளே அடைத்துக்கொண்டிருக்கும். ஒருமுறைக்கு ஊற்றப்படும் நீர் சில மிடறுகளுக்கு மேல் இராது. அந்த நீரும் நெடுநேரம் ஊறுவதில்லை. உடனே உறிஞ்சி முடித்து, மீண்டும் நீர் ஊற்றி, மீண்டும் உறிஞ்சி, ஒரே தூளின் மேல் வெந்நீர்க் குடுவையில் உள்ள ஏறத்தாழ ஒரு லிட்டர் நீரும் தீரும்வரை இது தொடர்கிறது. அதனால் மாத்தேயை ஒரு கோப்பையில் போட்டு எடுத்துக்கொண்டு போய்விட முடியாது. பக்கத்தில் வெந்நீர் இருக்க வேண்டும். ஊற்றுவதற்கு ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டும். அரை மணியோ ஒரு மணியோ அதற்காக ஒதுக்க வேண்டும். பலர் கூடிக் குடிக்கும் வழக்கம், நீரின் சூட்டைப் பற்றிய கண்டிப்பு, யார் ஊற்றுவது என்ற ஒழுங்கு ஆகிய எல்லாமே இந்த ஓர் அளவுக் கணக்கிலிருந்து பிறந்தவை என்று பார்த்தால், வெளியாருக்கு விசித்திரமாகத் தோன்றும் பல பழக்கங்கள் தாமாகவே விளங்கிவிடும்.

தேவையான கருவிகள் மிகச் சிலவே. முதலாவது குடுக்கை. சுரைக்குடுக்கையைத் தவிர, நறுமணம் வீசும் பாலோ சாந்தோ மரத்தைக் கடைந்தும், மாட்டுக் கொம்பைக் குடைந்தும், கண்ணாடியிலும், உலோகத்திலும், இப்போது சிலிகோனிலும் குடுக்கைகள் செய்கிறார்கள். விளிம்பில் உலோக வளையமும் வெளிப்புறம் தைத்த தோலுறையும் கொண்டவை பரிசாகக் கொடுக்கத் தக்க விலையுயர்ந்தவை. புவெனோஸ் ஐரெஸ் மாநிலத்தில் உள்ள சான் அந்தோனியோ தெ அரெகோ என்னும் சிற்றூரின் வெள்ளித் தட்டார்கள் இவ்வகை வேலைப்பாட்டுக்குப் பெயர் பெற்றவர்கள். புதிய சுரைக்குடுக்கையை வாங்கியவுடன் அதில் குடித்துவிடக் கூடாது. பயன்படுத்திய ஈர யெர்பாவை அதனுள் அடைத்து, சிறிது வெந்நீர் விட்டு ஒரு நாள் வைத்திருந்து, பிறகு உட்சுவரில் இளகி நிற்கும் மெல்லிய தோலைக் கரண்டியால் மெதுவாகச் சுரண்டி எடுத்து, மறுபடியும் ஒருமுறை அவ்வாறே செய்து நிழலில் உலர்த்த வேண்டும். இப்படிப் பழக்கப்படுத்தாத குடுக்கையில் பானம் சுரைக்காயின் பச்சை வாடையோடு இருக்கும். சில நாட்களில் பூஞ்சணமும் பிடித்துவிடும். பழக்கிய பின்னரும், ஒவ்வொரு முறை குடித்து முடித்ததும் சக்கையைக் கொட்டிக் கழுவி, வாய் திறந்தபடி காயவிட வேண்டும்.

இரண்டாவது கருவி பொம்பியா என்னும் உறிஞ்சுகுழல். ஏறத்தாழ ஒரு சாண் நீளமுள்ள இந்த உலோகக் குழலின் அடிமுனை சற்று அகன்று, சிறு துளைகள் இட்ட வடிகட்டியாக இருக்கும். மேல்முனை வாயில் வைத்து உறிஞ்சத் தக்கவாறு தட்டையாக இருக்கும். வடிகட்டியும் கோப்பையும் குழலும் தனித்தனியாகத் தேவைப்படாமல், தூள் குடுக்கையிலேயே தங்க நீர் மட்டும் மேலே வருவதற்கு இந்த எளிய பொருளே காரணம். அப்பகுதிப் பழங்குடியினரான குவரானி மக்கள் தொடக்கத்தில் மெல்லிய மூங்கில் தண்டையும் தாவர நாரில் பின்னிய வடிகட்டியையும் பயன்படுத்தினார்கள். பிற்காலத்தில் அதுவே வெள்ளியாகி, இன்று பெரும்பாலும் துருப்பிடிக்காத எஃகாகிவிட்டது.

இனி, தயாரிக்கும் முறையைச் சற்று அருகிலிருந்து பார்க்கலாம். குடுக்கையில் மூன்றில் இரண்டு பங்குக்கும் முக்கால் பங்குக்கும் இடைப்பட்ட அளவில் யெர்பாவைப் போட்டு, வாயை உள்ளங்கையால் மூடிக் கவிழ்த்து, சில முறை குலுக்குவார்கள். இலையோடு கலந்திருக்கும் நுண்பொடி மேலெழுந்து உள்ளங்கையில் ஒட்டிக்கொள்ளும். இல்லாவிட்டால் அது குழலின் துளைகளை அடைத்துவிடும். பிறகு குடுக்கையை மெல்ல நிமிர்த்தும்போது, தூள் ஒரு பக்கம் உயர்ந்தும் மறு பக்கம் தாழ்ந்தும் சரிவாக நிற்குமாறு சாய்த்துப் பிடிக்க வேண்டும். தாழ்ந்த பக்கத்தில் முதலில் வெதுவெதுப்பான நீரைச் சிறிதளவே விட்டு, அந்த ஈரம் இலையில் ஊறிப் பருக்கும்வரை காத்திருப்பார்கள். எடுத்த எடுப்பில் சுடுநீர் விட்டால் இலை வெந்து, கசப்பு முழுவதும் முதல் இரண்டு சுற்றுகளிலேயே வெளியேறிவிடும் என்பதே இதற்குக் காரணம். அந்த ஈரக் குழியில்தான், மேல்முனையைக் கட்டைவிரலால் அடைத்தபடி பொம்பியாவைச் சுவரோரமாக இறக்கி நிறுத்துவார்கள். அதன்பின் ஒவ்வொரு முறையும் நீர் குழலின் அடியை ஒட்டி, அதே ஒரு புள்ளியில் மட்டுமே மெல்லிய தாரையாக விழ வேண்டும்.

உயர்ந்து நிற்கும் அந்த உலர்ந்த மேட்டைத்தான் தேர்ந்தவர்கள் கண்போலக் காப்பார்கள். நீர் படாத அந்தத் தூள் சேமிப்பாக நிற்கிறது. தாழ்ந்த பக்கம் சாரம் இழக்க இழக்க மேட்டின் ஓரம் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிந்து ஈரத்தில் சேர்ந்து, பானத்துக்குப் புதிய கசப்பைத் தந்துகொண்டே இருக்கும். குழலைக் கரண்டிபோலப் பிடித்துக் கலக்கும் புதியவரைப் பார்த்து அர்ஜென்டினர்கள் பதறுவது வெறும் சம்பிரதாயத்துக்காக அன்று. ஒருமுறை கலக்கிவிட்டால் மேடு முழுவதும் நனைந்து, வடிகட்டியும் அடைபட்டு, இருபது முறை ஊற்றத் தக்க குடுக்கை சில முறைகளிலேயே சுவையற்றுப்போகும். சரியாக ஊற்றப்பட்ட மாத்தேயின் மேற்பரப்பில் மெல்லிய நுரை நிற்கும். நுரை மறைந்து, இலைத்துணுக்குகள் நீரில் மிதக்கத் தொடங்கினால் அந்தத் தூள் கழுவப்பட்டுவிட்டது என்று சொல்லி மாற்றிவிடுவார்கள்.

நீரின் சூடு 70 முதல் 80 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும் என்பது பரவலாக ஏற்கப்பட்ட விதி. கொதித்த நீரை யெர்பாவின் மேல் ஊற்றக் கூடாது. மரபாகக் கெண்டியின் அடியிலிருந்து சிறு குமிழிகள் எழும் ஓசையைக் கேட்டே அடுப்பை அணைப்பார்கள். இப்போது அர்ஜென்டினாவில் விற்கும் பல மின்கெண்டிகளில் மாத்தேக்கெனவே ஒரு நிலை குறிக்கப்பட்டிருக்கிறது. வெளியே போகிறவர் கையில் குடுக்கையும் அக்குளில் வெந்நீர்க் குடுவையும் இருக்கும். நெடுஞ்சாலைப் பெட்ரோல் நிலையங்களில் குடுவையை நிரப்பிக்கொள்ள வெந்நீர் இயந்திரங்கள் வைத்திருப்பதைக் கண்டால், ஒரு நாடு தன் பானத்துக்காக எவ்வளவு தூரம் தன்னை ஒழுங்குபடுத்திக்கொண்டிருக்கிறது என்பது தெரியும்.

பலர் கூடியிருக்கும்போது ஒருவர் மட்டுமே ஊற்றுவார். அவரைச் செபதோர் என்கிறார்கள். முதல் மாத்தேயை அவரே குடித்துவிடுவார். அது சுயநலமாகத் தெரியலாம், ஆனால் மிகுந்த கசப்பும் பொடியும் ஆறிய நீரும் கொண்ட அந்த முதல் மிடறை விருந்தினருக்குத் தராமல் தாமே ஏற்றுக்கொள்வதே அதன் நோக்கம். பிறகு மீண்டும் நீர் நிரப்பி, குழலின் வாய் பெறுபவரை நோக்கியிருக்குமாறு திருப்பி, அடுத்தவரிடம் கொடுப்பார். வாங்கியவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு கதை பேசிக்கொண்டிருக்காமல், அடியில் காற்று இழுக்கும் ஓசை கேட்கும்வரை உறிஞ்சி முடித்து, செபதோரிடமே திருப்பித் தர வேண்டும். பக்கத்திலிருப்பவருக்குத் தாமே நீட்டிவிடக் கூடாது. செபதோர் மீண்டும் நிரப்பி அடுத்தவருக்குத் தருவார். இப்படியே வட்டம் சுற்றிச் சுற்றி வரும். போதும் என்று நினைக்கிறவர் குடுக்கையைத் திருப்பித் தரும்போது நன்றி சொல்வார். அதற்கு முன்பாக, மரியாதை கருதி ஒவ்வொரு முறையும் நன்றி சொல்லும் வெளிநாட்டவருக்கு இரண்டாவது சுற்றில் குடுக்கை வராது. அவருக்கு இனி வேண்டாம் என்றே எல்லோரும் எடுத்துக்கொள்வார்கள்.

ஒரே குழலில் பலர் வாய் வைப்பது நம்மவர்களுக்கு எளிதில் ஒப்பாத செயல். எச்சில் பார்க்கும் வழக்கத்தில், தம்ளரைக்கூட அண்ணாந்து உதட்டில் படாமல் குடித்துப் பழகியவர்களுக்கு முதல் எண்ணம் தயக்கமாகவே இருக்கும். அர்ஜென்டினாவில் குழலைத் துடைத்துவிட்டுக் குடிப்பது கொடுத்தவரை அவமதிப்பதாகும். முதலாளியும் தொழிலாளியும், அறிமுகமற்ற பயணியும் வீட்டுக்காரரும் ஒரே குழலை ஏற்பதில்தான் அந்த வட்டத்தின் பொருள் இருக்கிறது என்று அவர்கள் கருதுகிறார்கள். 2020இல் கொரோனாத் தொற்று பரவியபோது மாத்தேயைப் பகிர வேண்டாம் என்று சுகாதாரத் துறையினர் கேட்டுக்கொண்டார்கள். ஆளுக்கொரு குடுக்கை, ஆளுக்கொரு வெந்நீர்க் குடுவை என்ற வழக்கம் அப்போது வேரூன்றி, சில இடங்களில் இன்றும் நீடிக்கிறது. சளி, காய்ச்சல் உள்ளவர் வட்டத்திலிருந்து தாமாக விலகிக்கொள்வது எப்போதுமே நல்ல பழக்கமாகக் கருதப்பட்டு வந்ததுதான். குடிக்கத் தயங்குகிறவர் முதலிலேயே வேண்டாம் என்று சொல்லிவிடலாம், அதில் குற்றமில்லை.

யெர்பா உலகின் எல்லா இடங்களிலும் விளைவதில்லை. பரானா, பராகுவாய், உருகுவாய் ஆறுகளின் படுகையில், அதாவது அர்ஜென்டினாவின் வடகிழக்கிலும் பராகுவாயிலும் தென் பிரேசிலிலும் மட்டுமே அது செழிக்கிறது. அர்ஜென்டினாவின் விளைச்சலில் மிகப் பெரும்பகுதி மிசியோனெஸ் மாநிலத்தின் செம்மண்ணிலிருந்தும், எஞ்சியது அதை ஒட்டிய கொர்ரியெந்தெஸ் மாநிலத்திலிருந்தும் வருகிறது. காட்டில் பதினைந்து மீட்டர்வரை உயரும் இம்மரத்தைத் தோட்டங்களில் கைக்கு எட்டும் உயரத்தில் கவாத்து செய்து வைத்திருப்பார்கள். கொய்த கிளைகளை ஒரு நாளுக்குள் ஆலைக்குக் கொண்டுவந்து, சுழலும் உருளையில் தீச்சுவாலையின் ஊடாகச் சில விநாடிகள் செலுத்துவார்கள். இலை கருத்துப்போவதை இந்தச் சூடு தடுத்து, பச்சை நிறத்தை நிலைநிறுத்துகிறது. மாத்தேயில் மெல்லியதாக வீசும் புகைமணத்தின் தொடக்கமும் இதுவே. பின்னர் முழுமையாக உலர்த்தி, ஒன்றிரண்டாக நொறுக்கி, சாக்குகளில் கட்டி ஒன்பது மாதம் முதல் இரண்டாண்டுவரை கிடப்பில் போட்டு முதிரவிடுவார்கள். மூன்று கிலோ பச்சை இலையிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோ யெர்பாதான் தேறும். கடைகளில் குச்சி சேர்த்தது, குச்சி நீக்கியது என இரு வகையாக விற்கும். குச்சி சேர்ந்தது சற்று மென்மையானது, தொடங்குகிறவருக்கு ஏற்றது.

இந்த இலையை முதலில் அறிந்தவர்கள் குவரானிப் பழங்குடியினர். ஸ்பானியக் குடியேறிகள் அவர்களிடமிருந்து கற்றுக்கொண்டு அதில் மூழ்கியபோது, பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆளுநர் எர்னாந்தாரியாஸ் சோம்பலை வளர்க்கும் தீய பழக்கம் என்று அதைத் தடை செய்தார். தடை நிற்கவில்லை. தொடக்கத்தில் எதிர்த்த இயேசு சபைப் பாதிரியார்களே பிறகு தங்கள் குடியிருப்புகளில் யெர்பாவைத் தோட்டப் பயிராக்கி, அதன் வணிகத்தையும் கையில் எடுத்துக்கொண்டார்கள். மிசியோனெஸ் என்ற மாநிலப் பெயரே அவர்களுடைய சமயப் பணிக் குடியிருப்புகளிலிருந்து வந்ததுதான். 1767இல் ஸ்பானிய மன்னர் அவர்களை நாடு கடத்தியபின் தோட்டங்கள் அழிந்தன. விதை எளிதில் முளைக்காத தன்மையுடையது என்பதால், பயிரிடும் நுட்பமும் மறைந்துபோய், நூறாண்டுகளுக்கு மேல் காட்டு மரங்களையே நம்பியிருக்க வேண்டியதாயிற்று. புவெனோஸ் ஐரெஸ் தாவரவியல் பூங்காவை உருவாக்கிய கார்லோஸ் தாய்ஸ் 1890களில் விதைகளை வெந்நீரில் ஊறவைத்து முளைக்கச் செய்ததே மறுதொடக்கம். அதன்பின் போலந்து, உக்ரைன், ஜெர்மனி ஆகிய நாடுகளிலிருந்து வந்து மிசியோனெஸில் குடியேறிய உழவர்கள் அதைத் தங்கள் வாழ்வாதாரமாக்கிக்கொண்டார்கள். அப்படிக் குடியேறியவர்களின் ஊரான அப்போஸ்தொலெஸ்தான் இன்று யெர்பாவின் தேசியத் தலைநகரம் என்று பெயர் பெற்றிருக்கிறது.

பானத்தின் தோழமையைப் பற்றி எழுதுகிறவர்கள் பலரும் அதைக் கொய்கிற கைகளை மறந்துவிடுகிறார்கள். தாரெஃபெரோ எனப்படும் அறுவடைத் தொழிலாளர்கள், இலைக் கிளைகளைப் பெரிய துணியில் கொட்டி மூட்டையாகக் கட்டுவார்கள். ஒரு மூட்டை நூறு கிலோவரை இருக்கும். கூலி எடைக்கேற்ப என்பதால், மழையிலும் குளிரிலும் குடும்பமாகச் சேர்ந்து உழைக்க நேர்கிறது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் முன்பணக் கடனில் சிக்கவைத்து ஆட்களைக் காட்டுக்குள் கொண்டுபோய் வேலை வாங்கிய கொடுமை மிசியோனெஸின் வரலாற்றில் ஆழப் பதிந்திருக்கிறது. பச்சை இலைக்குக் குறைந்தபட்ச விலை நிர்ணயிப்பதற்காகவே 2002இல் தேசிய யெர்பா மாத்தே நிறுவனம் தொடங்கப்பட்டது. 2023 டிசம்பரில் வந்த அவசர ஆணை அந்த அதிகாரத்தைப் பறித்தது. சிறு உழவர்கள் அதற்கு எதிராகப் போராடியதன் நியாயத்தை, அவர்களுடைய நிலங்களின் அளவை அறிந்தவர் மறுக்க மாட்டார்.

குடிக்கும் முறைகளிலும் வட்டார வேறுபாடுகள் உண்டு. கசப்பாகவே குடிப்பவர்கள், சர்க்கரை சேர்ப்பவர்கள் என்ற பிரிவு ஒரே வீட்டுக்குள்ளும் இருக்கும். கொர்தோபா மலைப்பகுதியில் பெப்பெரினா போன்ற நறுமண மூலிகைகளைத் தூளோடு கலப்பார்கள். வேறு சிலர் காய்ந்த ஆரஞ்சுத் தோலைப் போடுவார்கள். வெப்பம் மிகுந்த வடகிழக்கில் குளிர்ந்த நீரையோ பழச்சாற்றையோ ஊற்றித் தெரெரே என்ற பெயரில் குடிக்கிறார்கள். இது பராகுவாயின் உயிர்நாடிப் பழக்கம். 2020இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் அந்நாட்டின் பெயரிலேயே இடம்பெற்றது. யெர்பாவைக் கொதிக்கவைத்து வடிகட்டிக் கோப்பையில் குடிப்பது மாத்தே கொசிதோ. பாலும் சர்க்கரையும் சேர்த்துப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காலையில் ரொட்டியோடு கொடுப்பது இதைத்தான். இந்தக் கண்டத்துக்கு வெளியே அர்ஜென்டின யெர்பாவை மிகுதியாக வாங்கும் நாடு சிரியா. தென் அமெரிக்காவுக்குப் பிழைக்கப் போய் ஊர் திரும்பிய சிரியர்கள் கொண்டுவந்த பழக்கம் அங்கே நிலைத்துவிட்டது.

உடல்நலத்தைப் பற்றிய இரு செய்திகளைத் தொடங்குகிறவர் அறிந்திருக்க வேண்டும். மாத்தேயில் காபியைப் போன்ற படபடப்பு வராது, ஏனெனில் அதிலிருப்பது மாத்தீன் என்னும் வேறு பொருள் என்று பலர் சொல்வார்கள். அது உண்மையன்று; இருப்பது கஃபீன்தான். சிறு சிறு அளவாக நெடுநேரம் பரவி உள்ளே போவதால் அதன் வேகம் வேறாகத் தெரியக்கூடுமே தவிர, இரவில் குடித்தால் தூக்கம் கெடவே செய்யும். மற்றொன்று சூடு. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2016இல் வெளியிட்ட மதிப்பீட்டில், 65 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டில் குடிக்கப்படும் எந்தப் பானமும் உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்குக் காரணமாகக் கூடும் என்று கூறியது; அவ்வளவு சூடில்லாத மாத்தேயின் மேல் அத்தகைய முடிவு எதையும் அது சுமத்தவில்லை. கெண்டியில் 70 டிகிரியில் இருக்கும் நீர் இலையோடு சேரும்போது சற்றுத் தணியும் என்றாலும், உலோகக் குழல் வழியே நேராகத் தொண்டைக்குப் போவதால், வரம்பின் கீழ்ப்பக்கமாகவே நீரைச் சுடவைத்து, ஊற்றியதும் சில விநாடிகள் பொறுத்து, சிறிது சிறிதாக உறிஞ்சுவதே நல்லது.